நோயுற்ற திசு சொல்லும் செய்தி
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கூரைக் கொட்டகையில் மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கழகம் இன்று வெள்ளிவிழாக் காண்கிறது. இத்தகைய விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனைப் பேச நம்மினும் வல்லோர் பலர் மேடையில் இருக்கின்றனர். ஆதலின் நாம் கல்வியின் பெருமையைப் பேசாமல், கல்வி தரும் ஒரு பொருளையே எடுத்துக்கொண்டு விளக்க விரும்புகிறோம். நோயுற்ற திசுவில் எந்த மரபணு இயங்குகிறது என்பதை ஆர்.என்.ஏ. துருவிகளைக் கொண்டு எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதே அப்பொருள்.

நாம் மருத்துவர் அல்லோம். அறிவியல் பட்டதாரியும் அல்லோம். வரலாறு படித்து, பி.ஏ., பி.எட். பட்டங்கள் பெற்று ஆசிரியப் பணிக்கு வந்தவர்கள். அவ்வாறிருக்க இப்பொருளை ஏன் தேர்ந்தோம் என்று நீங்கள் வினவலாம். அதற்குக் காரணம் ஒரு மாணவி கேட்ட கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தியின் தாய்க்கு உதிரப்போக்கு நில்லாமல் இருந்தது. மருத்துவர் கருப்பையின் வாய்ப் பகுதியிலிருந்து சிறிது சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். வீட்டார் அஞ்சினர். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தார் கூறினர். ஆறு திங்கள் கழித்து அவர்கள் மீண்டும் சென்றபோது நோய் முற்றியிருந்தது. அம்மாணவி பள்ளிக்கு வருவது நின்றது. நாம் வீடு தேடிச் சென்றபோது அவள் கேட்டது இதுதான்: “ஐயா, அம்மாவிடம் சதையை எடுத்தார்களே, அதை வைத்து என்ன பார்ப்பார்கள்?”

நமக்கு விடை தெரியவில்லை. ‘நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அம்மா’ என்று மட்டும் சொல்லித் திரும்பினோம். அந்தத் தாய் இன்று இல்லை. அக்கேள்விக்கு உரிய விடையைத் தேடிப் படித்தோம். அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்தோம். அன்று அவளுக்குச் சொல்ல முடியாததை இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறோம்.

மூலப் பத்திரமும் நகலும்

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. பாடநூலில் செல் என்று படித்திருப்பீர்கள். ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் உட்கரு இருக்கிறது. அதனுள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. அந்த இழையின் பகுதிகளே மரபணுக்கள். புரதங்களை ஆக்குவதற்குரிய மரபணுக்கள் மட்டும் மனிதனிடத்தில் ஏறத்தாழ 20,000 உள்ளன.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கண்ணின் உயிரணுவிலும், ஈரலின் உயிரணுவிலும், உள்ளங்காலின் தோலிலும் இருப்பவை பெரும்பாலும் அதே மரபணுக்களே. உட்கரு இல்லாத சிவப்பணு போன்ற சில விலக்குகள் உண்டு; பொதுவிதி இதுவே. அப்படியானால் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் இருப்பது எதனால்? எந்த மரபணு எவ்விடத்தில் இயங்குகிறது, எது உறங்குகிறது என்னும் வேறுபாட்டினால். எல்லாப் பள்ளிகளின் நூலகத்திற்கும் ஒரே பட்டியல்படி நூல்கள் வந்து சேர்கின்றன. எந்தப் பள்ளியில் எந்த நூல் அலமாரியை விட்டு வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தே அப்பள்ளியின் படிப்பு அமைகிறது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

மரபணு இயங்குகிறது என்பதை எப்படி அறிவது? பதிவாளர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். மூலப் பத்திரம் உள்ளே பத்திரமாக இருக்கும். நமக்கு வேண்டியபோது நகல் எடுத்துத் தருவார்கள். உயிரணுவிலும் அப்படியே. டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. இயங்கவேண்டிய மரபணுவுக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகல் எழுதப்படுகிறது. அந்த நகல் வெளியே வந்து, அதன்படி புரதம் உருவாகிறது. செய்தியைச் சுமந்து செல்வதால் இதனைத் தூது ஆர்.என்.ஏ. என்பர். இப்படி ஒரு தூதன் உண்டு என்பது 1961ஆம் ஆண்டு மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே ஓர் உயிரணுவில் ஒரு மரபணுவின் நகல் மிகுதியாக இருந்தால் அம்மரபணு அங்கே இயங்குகிறது. நகல் இல்லையேல் அது அங்கே உறங்குகிறது. மரபணு இருப்பது வேறு, இயங்குவது வேறு. நம் உரையின் அச்சாணி இதுவே.

துருவி என்பது என்ன?

ஆர்.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட வாசகம். அவை ஏ, யு, ஜி, சி என்பன. இவற்றில் ஏ என்பது யு என்பதோடு மட்டும் இணையும். ஜி என்பது சி என்பதோடு மட்டும் இணையும். ஏ-யு-ஜி-ஜி-சி என்று ஒரு பகுதி இருந்தால், அதற்கு இணை யு-ஏ-சி-சி-ஜி என்பதாகும். இரண்டும் தக்க சூழலில் சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வேறு வாசகத்தோடு உறுதியாகப் பற்றா.

நாம் தேடும் நகலுக்கு இணையான ஆர்.என்.ஏ. இழையைச் சோதனைக்கூடத்தில் செய்துகொண்டு, அதில் கண்ணுக்குப் புலப்படும்படியான ஓர் அடையாளத்தையும் பொருத்திவிட்டால், அது திசுவுக்குள் சென்று தன் இணையைத் தேடிப் பிடித்து, ‘இங்கே இருக்கிறது’ என்று காட்டிக் கொடுக்கும். இதனையே ஆங்கிலத்தில் புரோப் என்பர். நாம் துருவி என்கிறோம்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கால் என்பாரும், அவர்தம் மாணவியாகிய மேரி லூ பார்டூ என்பாரும் தேரையின் உயிரணுக்களில் முதன்முதலாக இதனைச் செய்து காட்டினர். கதிரியக்க அடையாளம் இட்ட ஆர்.என்.ஏ.வை நுண்ணோக்கித் தகட்டில் இருந்த உயிரணுக்களின் மீது இட்டு, அது எங்கே பற்றிக்கொண்டது என்பதை ஒளிப்படப் பூச்சில் விழுந்த கரும்புள்ளிகளைக் கொண்டு கண்டனர். அதே ஆண்டில் பிரிட்டன் நாட்டு அறிஞர் சிலரும் தனியே இதனைக் கண்டனர்.

ஆயினும் விரும்பிய ஆர்.என்.ஏ. துருவியை விரும்பிய அளவில் செய்துகொள்ளும் எளிய வழி 1984ஆம் ஆண்டில்தான் கிட்டியது. பாக்டீரியாவைத் தாக்கும் எஸ்.பி.6 என்னும் வைரசுக்கு உரிய நொதி ஒன்று, தனக்குரிய தொடக்கக் குறியைக் கண்டால் அதனை அடுத்துள்ள வாசகத்தை ஓயாமல் நகலெடுக்கும். வேண்டிய மரபணுவை அக்குறிக்கு அடுத்து, தலைகீழாகப் பொருத்திவிட்டால் இணை இழைகள் ஏராளமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் டக்ளஸ் மெல்டனும் உடன் பணியாற்றியோரும் இதனை வெளியிட்டனர். கதிரியக்க அடையாளத்திற்கு மாற்றாக டிஜாக்சிஜெனின் என்னும் பொருளும் பின்னர் வழக்கிற்கு வந்தது. அது டிஜிட்டாலிஸ் என்னும் செடியிலிருந்து கிடைப்பது. மனிதத் திசுவில் அப்பொருள் இயல்பாக இல்லை. ஆகவே அதனைத் தேடிச் செல்லும் எதிர்ப்பொருள் துருவி உள்ள இடத்தையே அடையும். அங்கே நீலம் அல்லது ஊதா நிறம் தோன்றும்.

மருத்துவமனையில் எடுத்த சதைத் துணுக்கை முதலில் ஃபார்மலினில் இடுகின்றனர். பின்னர் ஆல்கஹாலில் நீர் நீக்கி, மெழுகில் பதித்துக் கட்டியாக்குகின்றனர். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனமுள்ள மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகின்றனர். இவற்றைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதே எங்கும் நடைபெறும் வழக்கமான சோதனை. நோயைத் தீர்மானிக்க முதலில் வேண்டுவது அதுவே. மரபணுவின் இயக்கத்தை அறியவேண்டிய இடத்தில், மெழுகை நீக்கி, துருவிக் கரைசலை இட்டு, இளஞ்சூட்டில் ஓரிரவு வைக்கின்றனர். மறுநாள் பற்றாமல் நிற்கும் துருவியைக் கழுவி நீக்குகின்றனர். ஒற்றையாய் நிற்கும் ஆர்.என்.ஏ.வை மட்டும் அழித்து, இணைந்து நிற்பதை விட்டுவிடும் நொதி ஒன்று உண்டு. அதனையும் இட்டால் தவறான இடத்தில் ஒட்டியிருப்பவை அகன்றுவிடும். ஆர்.என்.ஏ. துருவியின் தனிச்சிறப்பு இது.

மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறம் தோன்றியவுடன் ஆய்வாளர் மகிழ்ந்து எழுதிவிடுவதில்லை. அடுத்த சீவலில் இணையல்லாத, பற்ற இயலாத துருவி ஒன்றை இட்டுப் பார்க்கின்றனர். அங்கும் நிறம் தோன்றினால் முதலில் கண்டது பொய். தம் கண்ணையே ஐயுற்றுத் தம் சான்றையே சோதிப்பது அறிவியலின் ஒழுக்கம். ‘பெரியவர்கள் சொன்னார்கள், நூலில் எழுதியிருக்கிறது’ என்பதைக் காட்டி நம் மக்களைப் பல நூற்றாண்டுகள் ஒதுக்கி வைத்த நாட்டில், இந்த ஒழுக்கத்தை நாம் பிறரினும் மிகுதியாகப் போற்ற வேண்டும்.

சராசரி மறைப்பதை இடம் காட்டும்

ஆர்.என்.ஏ.வை அளக்க வேறு வழியும் உண்டு. திசுவை அரைத்துக் கூழாக்கி, அதிலுள்ள ஆர்.என்.ஏ.வைப் பிரித்து எடுத்து, துருவியால் அளக்கலாம். 1977ஆம் ஆண்டு முதல் இம்முறை வழக்கில் உள்ளது. இதனால் மொத்த அளவு தெரியும். ஆனால் இடம் தெரியாது.

அதனால் என்ன குறை என்று எண்ண வேண்டா. ஒரு மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதத்தை அரசு வெளியிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்தால் மாவட்டம் முழுவதும் படித்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஊரின் பெருந்தெருவில் எத்தனை பேர், ஊருக்குப் புறத்தே உள்ள நம் தெருவில் எத்தனை பேர், நம் தெருவிலும் பெண்கள் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது. தெருத் தெருவாகச் சென்று வீடு வீடாகக் கேட்டால்தான் உண்மை விளங்கும். நம் கழகம் தொடக்கத்தில் செய்த பணியும் அதுவே. அரைத்த திசு தருவது மாவட்டத்தின் சராசரி. துருவி இட்ட சீவல் தருவது தெருக்கணக்கு. புற்றுநோய்த் திசுவில் நோயுற்ற உயிரணுக்களும், நலமான உயிரணுக்களும், இரத்தக் குழாய்களும், நோயை எதிர்க்க வந்த வெள்ளணுக்களும் கலந்தே இருக்கும். எது எதனைச் செய்கிறது என்பதை அறிய, அவ்விடத்திலேயே பார்த்தாக வேண்டும்.

அந்தத் தாயைக் கொண்ட நோய்

இனி, மாணவியின் கேள்விக்கு நேராக வருவோம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெரால்டு சூர் ஹவுசனும் அவர்தம் குழுவினரும் 1983இல் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் இப்புற்றுநோயில் கண்டறிந்தனர். இவ்விரு வகைகள் மட்டுமே உலகில் இந்நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கிற்குக் காரணம். இக்கண்டுபிடிப்பிற்காக 2008ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. இந்த வைரஸ் மிகப் பலரின் உடலில் புகுகிறது. பெரும்பாலோர்க்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடுகிறது. மிகச் சிலர்க்கே புற்றுநோயாகிறது. வைரஸ் இருப்பது மட்டுமே நோய் ஆகாது எனில், நோயாக்குவது எது?

இங்கே நம் துருவி துணைக்கு வந்தது. 1986ஆம் ஆண்டு மார்க் ஸ்டோலர், தாமஸ் புரோக்கர் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவர், பாலுண்ணித் திசுவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவிலும் ஆர்.என்.ஏ. துருவிகளை இட்டு, இந்த வைரசின் மரபணுக்கள் எந்த அடுக்கில் இயங்குகின்றன என்று பார்த்தனர். 1992ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்கின. தொடக்க நிலையில் உள்ள மாற்றங்களில் வைரசின் ஈ-6, ஈ-7 என்னும் இரு மரபணுக்கள் அடித்தள அடுக்கில் மங்கலாகவே இயங்குகின்றன. மேலடுக்குகளில் வைரஸ் பெருகி வெளியேறுகிறது. முற்றிய மாற்றங்களிலோ, அவ்விரு மரபணுக்களும் அடி முதல் மேல்வரை எல்லா அடுக்குகளிலும் வலுவாக இயங்குகின்றன.

அவ்விரு மரபணுக்கள் செய்யும் கேடு யாது? உயிரணு கட்டுமீறிப் பிளவுறாமல் தடுக்க நம் உடலில் காவலர் உண்டு. பி-53, ஆர்.பி. என்னும் புரதங்கள் அவர்களுள் இருவர். ஈ-6 பி-53ஐ அழிக்கச் செய்கிறது, ஈ-7 ஆர்.பி.யைச் செயலிழக்கச் செய்கிறது. 1989, 1990ஆம் ஆண்டுகளில் இது புலனாயிற்று. காவலர் இருவரும் இல்லாத ஊரில் உயிரணு வரைமுறையின்றிப் பெருகுகிறது. அதுவே புற்று.

ஆகவே, ‘சதையை வைத்து என்ன பார்ப்பார்கள்?’ என்ற கேள்விக்கு விடை இது: உயிரணுவின் உருவம் மாறியுள்ளதா என்று பார்ப்பார்கள். தேவைப்படின், எந்த மரபணு எந்த அடுக்கில் இயங்குகிறது என்றும் பார்க்க இயலும். அதனால் நோய் எந்நிலையில் உள்ளது என்பது தெரியும். மருத்துவர் இச்சோதனைக்காக எடுக்கும் சிறு துணுக்கால் இந்நோய் பரவுவதில்லை; நாள் கடத்துவதால்தான் பரவுகிறது. அன்று இதனைச் சொல்ல நமக்குத் தெரிந்திருந்தால், அக்கம்பக்கத்தாரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஒன்றாவது அந்த வீட்டில் இருந்திருக்கும்.

ஒரு கறுப்பினத் தாயின் கதை

இப்பொருளைப் படிக்கையில் நாம் அறிந்த ஒரு பெண்ணைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஹென்றியெட்டா லாக்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1920ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினப் பெண். அடிமைகளாக இருந்தோரின் வழிவந்தவர். புகையிலைத் தோட்டத்தில் உழைத்தவர். ஐந்து குழந்தைகளின் தாய். 1951ஆம் ஆண்டு உதிரப்போக்கோடு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். கறுப்பினத்தார்க்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அவருக்கு இருந்ததும் கருப்பை வாய்ப் புற்றுநோயே. சிகிச்சையின்போது அவரைக் கேளாமலேயே திசுத் துணுக்கு ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், 31ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர்தம் உயிரணுக்கள் மறையவில்லை. ஜார்ஜ் கை என்பாரின் ஆய்வுக்கூடத்தில் அவை ஓயாமல் பெருகின. ஹீலா என்னும் பெயரோடு உலகெங்கும் சென்றன. அவற்றினுள் எச்.பி.வி. 18ஆம் வகை இருப்பது 1984ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அதன் ஈ-6, ஈ-7 மரபணுக்கள் அங்கு இயங்கிக்கொண்டிருப்பதும் அடுத்த ஆண்டு தெரிந்தது. இன்றும் 18ஆம் வகைக்கான துருவி சரியாக இயங்குகிறதா என்று சரிபார்க்க, ஹீலா உயிரணுக்களை வைத்துச் சோதிப்பது ஆய்வுக்கூடங்களின் வழக்கம். அவர்தம் குடும்பத்தார்க்கோ, இருபது ஆண்டுகளுக்கு மேல் இச்செய்தியே தெரியாது. 2013ஆம் ஆண்டில்தான் அவ்வுயிரணுக்களின் மரபணுத் தொகுதியைப் பயன்படுத்துவது குறித்து முடிவெடுக்கும் குழுவில் அக்குடும்பத்தார்க்கு இடம் தரப்பட்டது. 2021ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் அவர்தம் நினைவைச் சிறப்பித்தது.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1950களில் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியைச் சோதிக்க ஹீலா உயிரணுக்கள் பெருமளவில் தேவைப்பட்டன. அவற்றைப் பெருக்கி நாடெங்கும் அனுப்பிய கூடம் டஸ்கிகீ கல்விக்கழகத்தில் இருந்தது. அது கறுப்பின மக்களின் கல்விக்காக 1881ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. புக்கர் வாஷிங்டன் அதன் முதல் தலைவர். அக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தோர் கறுப்பின விஞ்ஞானிகளும் தொழில்நுட்பப் பணியாளருமே. ஒரு கல்விக்கழகத்தால் என்ன இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? கேளாமல் எடுத்தது ஒருபுறம். கற்றுக்கொண்டு உலகத்திற்குக் கொடுத்தது மறுபுறம். இரண்டையும் நாம் மறத்தல் ஆகாது.

கையொப்பமும் தலைமையாசிரியரும்

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2009ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில் எச்.பி.வி. தடுப்பூசி குறித்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் பள்ளிச் சிறுமியர்க்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோரின் ஒப்புதலுக்கு மாறாக விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையொப்பமிட்ட நிகழ்வுகள் வெளிவந்தன. 2010ஆம் ஆண்டு அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழு அதனைக் கண்டித்து அறிக்கை தந்தது. அங்கு நிகழ்ந்த இறப்புகளுக்கு அந்தத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் மெய்ப்படவில்லை. எனினும் கேளாமல் செய்தது பிழையே.

ஒரு தலைமையாசிரியராக இச்செய்தியைப் படித்தபோது நம் கை நடுங்கியது. ஒரு தாளில் இடும் கையொப்பம் எத்தனை எளிது! அந்தப் பிள்ளையின் தாய்க்கு நாம் விடை சொல்ல வேண்டும் என்பது எத்தனை கடினம்!

இதிலிருந்து சிலர் ஊசியே வேண்டா, சோதனையே வேண்டா என்று முடிவு கட்டுகின்றனர். அது தவறான முடிவு. இத்தடுப்பூசியில் வைரசின் மேலுறைப் புரதம் மட்டுமே உண்டு. மரபணு எதுவும் இல்லை. ஈ-6, ஈ-7 இயங்கத் தொடங்குமுன்பே வைரசைத் தடுப்பது அது. சோதனையின் பயனுக்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. சில ஊராட்சிகளில், கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மை தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்தனர்; தேவைப்பட்டோர்க்குச் சிகிச்சையும் தரப்பட்டது. மற்ற ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது. சோதனை நடந்த ஊராட்சிகளில் இந்நோயால் நேரும் இறப்பு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது என்று 2007ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. செலவோ மிகக் குறைவு. ஆகவே நாம் செய்ய வேண்டுவது மறுப்பதன்று, கேட்பது. என்ன எடுக்கிறீர்கள், எதற்காக எடுக்கிறீர்கள், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேட்டு, புரிந்துகொண்டு, பின்பு கையொப்பமிடுவது.

பிறப்பைப் பற்றி ஒரு சொல்

மரபணு என்றவுடன் ‘எல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டது’ என்று கூறுவோர் இன்றும் உளர். சாதி மனிதன் செய்த ஏற்பாடு. அதனை மறுக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆயினும் அறிவியலின் பெயரால் யாரேனும் அதற்குத் துணை தேடினால் நாம் அறிவியலாலேயே விடை சொல்ல அறிந்திருக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் வழிகாட்டியிருக்கிறார். தீண்டாமைக்கு இன வேறுபாடே காரணம் என்று சிலர் கூறியபோது, 1948ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், அறிஞர்கள் எடுத்திருந்த மூக்களவுக் கணக்குகளையே எடுத்துக்காட்டி அக்கூற்றை அவர் மறுத்தார். இன்று நாம் கண்ட உண்மையும் அவ்வழியில் துணை நிற்பது. ஓர் உடலுக்குள்ளேயே, ஒரே மரபணுக்களைக் கொண்ட உயிரணுக்கள், தாம் இருக்கும் இடத்தையும் சூழலையும் பொறுத்து வெவ்வேறாக இயங்குகின்றன. எழுதப்பட்டது மட்டும் முடிவு செய்வதில்லை.

அருமை இளைஞர்களே! சட்டப் புத்தகத்தில் நமக்கு உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கல்லூரிகளில் இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவை மூலப் பத்திரம். பத்திரம் உள்ளே இருப்பதால் மட்டும் பயன் இல்லை. நகல் வெளியே வந்து வேலை நடக்க வேண்டும். உயிரியல் படியுங்கள். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பட்டயம் பெறுங்கள். நோய்க்குறியியல், செவிலியம், மருத்துவம் எதுவாயினும் சேருங்கள். மெழுகுக் கட்டியைச் சீவும் கையும், துருவியை இடும் கையும், நுண்ணோக்கியில் குனியும் கண்ணும் நம்முடையவையாகவும் இருக்கட்டும். நம் தாய்மாரின் திசு அங்கே செல்கிறது. நம் பிள்ளைகளின் அறிவும் அங்கே செல்ல வேண்டாமா?

தாய்மார்களே! உதிரப்போக்கு மாறினால், வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு இருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. முப்பது வயது கடந்தவர்கள் நோய் இல்லாதபோதே ஒருமுறை அரசு மருத்துவமனைக்குச் சென்று சோதித்துக்கொள்ளுங்கள். சோதனைக்குச் சதை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், காரணத்தைக் கேளுங்கள். கேட்டபின் ஆறு திங்கள் காத்திராதீர்கள். துணைக்கு ஆள் இல்லையெனில் நம் கழகத்திற்கு வாருங்கள். படித்த பெண் ஒருத்தி உங்களோடு வருவாள்.

அந்த மாணவியைப் பற்றி இறுதியாக ஒன்று சொல்லி அமைகிறோம். தாயை இழந்த மறு ஆண்டு அவள் தனித்தேர்வராகத் தேர்வெழுதி வென்றாள். பின்னர்ச் செவிலியர் பயிற்சி பெற்றாள். இன்று இந்த அவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். ‘துணைக்கு ஒரு பெண் வருவாள்’ என்று நாம் சொன்னது அவளைக் கேட்டுக்கொண்டுதான். அன்று அவள் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல இத்தனை ஆண்டுகள் ஆயின. காலம் தாழ்த்தியதற்கு அவளிடம் நாம் பொறுத்தருள வேண்டுகிறோம்.